கால் ஊன்றிய ஷெட்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவுக்குப் பின்னால், கிட்டங்கிகளின் முதுகைப் பார்த்தபடி இருக்கும் அந்த அரசுப் பள்ளிக்கூடத்துக்கு ஷெட் போட்டது சங்கிலிப்பாண்டி. போன வருஷம் ஏப்ரல் கடைசியில். பழைய ஓட்டுக் கட்டடத்தின் உத்தரத்தில் விரிசல் கண்டு இரண்டு வகுப்பறைகளை இடித்துவிட்டிருந்தார்கள். புதுக் கட்டடம் வரும், மூன்று அறை, மேலே காங்கிரீட், வரைபடம்கூட வந்தாயிற்று என்றார்கள். அதுவரை பிள்ளைகள் உட்கார ஒரு தற்காலிக ஷெட் போடப் பணம் வந்தது. வேலையை எடுத்தவர் கான்ட்ராக்டர் முகமது இஸ்மாயில். வெல்டிங்கும் தகரமும் சங்கிலிப்பாண்டிக்கு.

"தற்காலிகமாக்கும் பாண்டி. காலை மண்ணுல நடு, மேல ஷீட்டு அடி, சுத்தி முக்கால் உயரத்துக்கு ஷீட்டு. ரெண்டு மழைக்காலம் நின்னா மதி, போதும்," என்று இஸ்மாயில் சொன்னார்.

பாண்டி என்று யாராவது கூப்பிட்டால் அது தன் பெயரா, தமிழர்களை இங்கே ஏளனமாகக் கூப்பிடும் வசவா என்று, கொச்சிக்கு வந்து பதினாறு வருஷமாகியும் அவனுக்குச் சில சமயம் தெரியாது. இரண்டுக்கும் திரும்பிப் பார்த்துவிடுவான்.

மண்ணில் நட அவனுக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூட முற்றம் தாழ்வானது. மார்கழி வாக்கில், தனு மாதம், காயல் ஏறி வரும்போது கணுக்கால் அளவு உப்புத் தண்ணீர் வந்து நின்று, நினைத்தபோது போகும். இரும்புக் குழாயை அது அடியிலிருந்து தின்னும். வேறு வேலையில் மிஞ்சிய நாலு மூட்டை சிமெண்டைக் கேட்டு வாங்கிவந்து, பன்னிரண்டு குழி எடுத்து, முழங்கால் உயரத்துக்குக் காங்கிரீட் கட்டை போட்டு, அதன்மேல் தகடு வைத்து போல்ட்டு முறுக்கிக் கால்களை நிறுத்தினான்.

"எஸ்டிமேட்டுல இல்லாத காரியம் கேட்டோ. கூலி கேக்கப்பிடாது," என்றார் இஸ்மாயில்.

"கேக்கல பாய். என் பிள்ள இதுலதான் உக்காரப் போவுது."

பிள்ளை என்றது மகாவை. அப்போது நாலு முடித்து ஐந்துக்குப் போகக் காத்திருந்தாள். வலது காது பிறவியிலேயே கேட்காது. இடது காதில் மிஷின் வைத்தால் கேட்கும். அரசுத் திட்டத்தில் அந்த மிஷினை வாங்க பாக்கியலக்ஷ்மி ஒன்றரை வருஷம் எறணாகுளத்துக்கும் மட்டாஞ்சேரிக்குமாகப் படகில் போய்வந்தாள். மிஷின் வந்த பிறகு மகா மூன்றே வருஷத்தில் மலையாளம் எழுதவும் படிக்கவும் பழகிவிட்டாள். தமிழில் தன் பெயரும் அப்பா அம்மா பெயரும் எழுதுவாள். பேச்சு கொஞ்சம் மூக்கில் வரும். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பாள். அதற்காகவே சங்கிலிப்பாண்டி மீசையை ஒட்ட நறுக்கிக்கொண்டான். உசிலம்பட்டிக்குப் போனபோது அண்ணன் கேட்டான், "என்னடா, கொச்சிக்காரன் மீசையையும் புடுங்கிட்டானா?" என்று.

ஷெட்டில் வகுப்பு தொடங்கி எட்டாம் நாள் மழை பிடித்தது. அன்று சாயங்காலம் மகா வீட்டுக்கு வந்தபோது காதில் மிஷின் இல்லை. பையைத் துழாவி எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள்.

"தலைக்குள்ள கல்லு கொட்டுது," என்றாள். "வேண்டாம்."

மறுநாள் சங்கிலிப்பாண்டி வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனான். மழை வந்ததும் ஷெட்டுக்குள் போய்ப் பின்பக்கத் தகரத்தின் ஓரமாக நின்றான். ஆடியில் வரும் கர்க்கடக மாசத்து மழையைப் போல அது அடித்தது. டீச்சர் வாயைத் திறந்து மூடியது தெரிந்தது. பிறகு அவள் பேசுவதை விட்டுப் போர்டில் எழுதத் தொடங்கினாள். முப்பத்திரண்டு பிள்ளைகளும் குனிந்து பார்த்து எழுதினார்கள். தகரத்தில் சுத்தி போட்டே இத்தனை வருஷம் பிழைத்தவன், தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து ஒருவர் பேசுவதைக் கேட்க வேண்டியிருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மழை தூறலானதும் மற்றப் பிள்ளைகள் தலை நிமிர்ந்தார்கள். மகா நிமிரவில்லை. அடுத்த மழை எப்போது வந்து விழுமோ என்று மிஷினை அவள் திரும்ப மாட்டவேயில்லை. சின்னச் சத்தம் எது பெரிய சத்தம் எது என்று மிஷினுக்குத் தெரியாது, எல்லாவற்றையும் ஒன்றுபோலப் பெருக்கித்தான் கொடுக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு ஐந்து ஞாயிற்றுக்கிழமை அவன் அந்த ஷெட்டில்தான் இருந்தான். ஒவ்வொரு ஷீட்டாகக் கழற்றி, சட்டத்துக்கும் ஷீட்டுக்கும் இடையில் சைக்கிள் டியூபை நறுக்கி வைத்துத் திரும்ப முறுக்கினான். கயிறு ஏற்றுமதிக் கிட்டங்கியில் கழித்துப் போட்ட கயிற்றுப்பாய்களைக் கேட்டு வாங்கி, இரண்டு மடிப்பாகக் கூரைக்கு அடியில் கட்டி, அதன் கீழே பிளைவுட் பட்டை அடித்தான். சாரல் வரும் இரண்டு பக்கமும் செங்கல்லில் அரைச்சுவர் எழுப்பினான். பாக்கியலக்ஷ்மி கல் எடுத்துக் கொடுத்தாள். அவள் சுக்குக் கிட்டங்கியில் வேலை பார்க்கிறவள். விரலிடுக்குகளில் எப்போதும் சுக்குக்குப் பூசும் சுண்ணாம்பின் வெள்ளை இருக்கும். அந்த ஐந்து வாரமும் அதன்மேல் செங்கல் சிவப்பு ஏறியிருந்தது.

அப்புறம் மழை பெய்தால், தூரத்தில் பஸ் போகிற மாதிரி ஒரு முனகல்தான். மகா மிஷினை மாட்டிக்கொண்டாள். கர்க்கடகம் முழுக்கக் கழற்றவில்லை. வெயிலிலும் உள்ளே காந்தல் குறைந்தது. மற்ற வகுப்பு டீச்சர்கள் மத்தியானத்துக்கு மேல் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்தார்கள். ஓணக் கூட்டம்கூட அங்கேதான் நடந்தது.

இந்த மே மாதம் எஞ்சினியர் வந்தாள். பள்ளி திறக்கும் முன் ஒவ்வொரு கட்டடத்தையும் பார்த்து, பிள்ளைகள் உட்காரலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஃபிட்னெஸ் என்பார்கள். வந்தவள் அஞ்சனா என்ற சின்ன வயதுப் பெண். அப்போது சங்கிலிப்பாண்டி பள்ளிக்கூடக் கேட்டுக்குக் கீல் பற்றவைத்துக்கொண்டிருந்தான். அவள் காங்கிரீட் கட்டையைச் செருப்புக்காலால் தட்டிப் பார்த்தாள். அரைச்சுவரில் கை வைத்தாள். அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"இது ஆரு பணிஞ்சது, ஆரு கட்டியது?"

"நானாக்கும்."

"சேட்டனோ? நல்ல பணி. நல்ல உறப்பு, நல்ல பலம்," என்று சொல்லி எழுதிக்கொண்டாள்.

அன்று ராத்திரிச் சோற்றுக்குச் சாளைக் குழம்பு. பாக்கியலக்ஷ்மியிடம் அந்தப் பெண் தட்டிப் பார்த்ததையும் அண்ணாந்து பார்த்ததையும் எழுந்து நின்று நடித்துக் காட்டிவிட்டு, கூட இரண்டு மீன் கேட்டு வாங்கித் தின்றான்.

ஜூலை முதல் வாரத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் சீதாலக்ஷ்மி டீச்சர் ஆள் விட்டுக் கூப்பிட்டாள். பாலக்காட்டுப் பக்கத்துக்காரி. முப்பது வருஷமாக இந்தத் தீவுகளிலேயே மாறி மாறி வேலை பார்த்தவள். அவனைக் கண்டால் மட்டும் தமிழில் பேசுவாள். அறையில் பெற்றோர் சங்கமான பி.டி.ஏ.வின் தலைவர் ரமேஷ்பாபுவும் இருந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன். அவனுடைய அப்பா காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து தங்கிவிட்ட குடும்பம்.

"உக்காருங்கோ சங்கிலி."

"இல்ல டீச்சர், நிக்கிறேன். உடம்பெல்லாம் கிரீசு."

"பரவாயில்லே, உக்காருங்கோ."

அவன் பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்தான். டீச்சர் மேஜைக் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்.

"புதுக் கட்டடத்துக்கான லிஸ்ட் வந்துடுத்து. நம்ம ஸ்கூல் பேர் இல்லே."

"இருந்துச்சே டீச்சர்? வரைபடமெல்லாம்..."

"இருந்தது. வெட்டிட்டா. போதுமான நிரந்தர வகுப்பறை உண்டுன்னு காரணம் எழுதிருக்கா. ஷெட்டைத்தான் சொல்றா."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "ஷெட்டையா? தகரம் டீச்சர் அது."

"தகரம்தான். ஆனா அடியில காங்கிரீட் இருக்கு. அரைச்சுவர் இருக்கு. மேல சீலிங் இருக்கு. அந்தப் பொண்ணு இந்த மூணையும் எழுதிட்டா. ஃபாரத்துல தற்காலிகம், நிரந்தரம்னு ரெண்டு கட்டம்தான். இதையெல்லாம் எழுதினா அது தானா நிரந்தரத்துல போயிடறது. பொய் ஒண்ணும் எழுதலே, கேட்டேளா. இருக்கறதைத்தான் எழுதிருக்கா."

சங்கிலிப்பாண்டியின் முகத்தில் சிரிப்பு போக நேரமெடுத்தது. அது போவதை இரண்டு பேரும் பார்க்காமல் இருக்க முயன்றார்கள்.

"அண்ணே, உங்க மேல யாருக்கும் தேஷ்யம், கோவம் ஒண்ணும் இல்ல," என்றான் ரமேஷ்பாபு. "ஆனா எத்தனை ஷெட்டு போட்டிருப்பீங்க இந்த ஊருல? எல்லாம் ஆடுது. எங்க ஆட்டோ ஸ்டாண்டு ஷெட்ட ஒரு ஆடு முட்டிச் சாச்சுச்சு. இத மட்டும் ஏன் இப்படிப் போட்டீங்க? சொந்த வீட்டுக்குப் போட்ட மாதிரி."

"சொந்த வீட்டுக்கு எங்கப்பா போட்டேன். வாடகை வீட்டுல குந்திக் கெடக்கேன்."

"தமாஷ் இல்ல அண்ணே. அடுத்த லிஸ்ட்டு நாலு வருஷம் கழிச்சு. என் பய இங்க நாலாங்கிளாசு. பழைய கட்டடத்துல மிச்சம் இருக்கற ரூமும் ஒழுகுது. இந்த ஒரு ஷெட்டக் காட்டி மூணு ரூமையும் மொடக்கிட்டானுங்க."

மழை வரும்போல வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகளுக்குச் சமைக்கும் கஞ்சிப்புரையில் பயறு வெந்த வாசனை அறைக்குள் வந்தது.

"மறுபடி பாக்கணும்னு எழுதிப் போட்டிருக்கேன்," என்றாள் டீச்சர். "பத்து நாளைக்குள்ள வருவா. அதுக்குள்ள..." நிறுத்தினாள். "அதுக்குள்ள சீலிங்கையும் அரைச்சுவரையும் எடுத்துடணும் சங்கிலி. வந்தவா பாத்துட்டுப் போனப்பறம் திரும்பப் போட்டுக்கலாம். மகாவை நெனைக்காம சொல்லலே."

"காலு?"

"காலை எடுக்க முடியுமோ?"

"காலை எடுத்தா ஷெட்டு நிக்காது டீச்சர்."

"அப்ப கால் இருக்கட்டும்."

பெஞ்சிலிருந்து எழுந்தபோது உட்கார்ந்த இடத்தில் கிரீஸ் படிந்திருந்தது. தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்தான். துடைக்கத் துடைக்கப் பரவியது.

வீட்டில் பாக்கியலக்ஷ்மி மரவள்ளிக் கப்பை வேகவைத்து உதிர்த்துக்கொண்டிருந்தாள். சக்காமாடத்தில் வரிசையாக இருக்கும் ஏழு வீடுகளில் கடைசி வீடு. ஒரே அறை. மகா பக்கத்து வீட்டில் டி.வி. பார்க்கப் போயிருந்தாள். அவன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். அவள் கப்பையின் நடு நாரை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டபடி கேட்டாள்.

"மூணு ரூம்பு வந்தா மகா அதுல உக்காருவாளா?"

"இன்னைக்குச் சரின்னாலும் கட்டி முடிக்க ரெண்டு வருசம் ஆவும். அதுக்குள்ள ஏழு முடிச்சு வேற பள்ளிக்கூடம் போயிருவா."

"அப்ப யாரு பிள்ளைக்குக் கட்டடம்?"

"யாரு பிள்ளைக்கோ."

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லலாம். நூத்தம்பது பிள்ளைக கட்டடத்த ஒரு பாண்டி வந்து கெடுத்துட்டான்னு இந்தத் தெரு பூராச் சொல்லும். நீ குழாயடிக்குப் போவ வேண்டாமா?"

"நாம கெடுக்கவா செஞ்சோம்?"

இரண்டு பேருக்கும் நடுவில் கப்பை ஆறிக்கொண்டிருந்தது. கல்யாணமான புதிதில் இப்படி மௌனம் விழுந்தால் அவள் பாத்திரத்தையாவது உருட்டிச் சத்தம் போடுவாள். மகாவோடு இருந்து பழகி, சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்க இருவருக்குமே வந்துவிட்டது.

மகா வந்ததும் அவளை விளக்குக்கு நேராக உட்காரவைத்து அவனே சொன்னான். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. அவள் அவன் உதட்டைப் பார்த்தாள்.

"பாயெல்லாம் எடுக்கணும். ஆபீஸ்ல இருந்து வருவாக. பாத்துட்டுப் போனதும் அப்பா திரும்பக் கட்டிருவேன்."

"எத்தன நாளு?"

பத்து விரலை விரித்துக் காட்டினான்.

"மழை வருமே."

"பத்தே நாளு."

"கட்டிருவியா?"

"கட்டிருவேன்."

அவள் தலையாட்டிவிட்டு, கப்பையில் மிளகாய்ச் சம்மந்தி தொட்டுத் தின்ன ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை அவன் தனியாகப் போய்ப் பிரித்தான். ரமேஷ்பாபு உதவிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான், சவாரி வந்துவிட்டது. பிளைவுட் பட்டைகளில் ஆணி தெறிக்கத் தெறிக்கக் கயிற்றுத் தூசி கொட்டியது. கண்ணில் விழுந்ததைத் துடைத்துத் துடைத்துச் செய்தான். ஒரு மடிப்புக்குள் பல்லி முட்டைகள் இருந்தன. அவற்றைப் பழைய கட்டடத்தின் ஜன்னல் விளிம்பில் எடுத்து வைத்தான். அரைச்சுவரை உடைக்கும்போதுதான் கை கூசியது. நன்றாகப் பிடித்திருந்தது. கல்லுக்குக் கல் சேதமில்லாமல் எடுக்க முடியாது என்று தெரிந்ததும், சுத்தியைத் திருப்பிப் பிடித்து அடித்து நொறுக்கினான். பாய்களைச் சுருட்டித் தள்ளுவண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தான். அறையில் பாதியை அவை எடுத்துக்கொண்டன. மூன்று பேரும் பாய்ச் சுருள்களுக்கு இடையில் காலை மடக்கிப் படுத்தார்கள்.

அந்தப் பத்து நாளில் ஏழு நாள் மழை. மகா போய்வந்தாள். மிஷின் அவள் பாவாடைப் பையிலேயே இருந்தது. கேட்டால் "இன்னும் நாலு நாளு," "இன்னும் மூணு நாளு" என்று மட்டும் சொன்னாள். ஒருநாள் நோட்டைத் திறந்து பார்த்த பாக்கியலக்ஷ்மி, பாதிப் பக்கத்துக்கு மேல் ஒன்றும் எழுதாமல் இருந்ததைக் கண்டாள். போர்டு நிறைந்ததும் டீச்சர் அழித்துவிடுகிறாள் என்றாள் மகா. அழிக்கப்போவதாக டீச்சர் முதலில் சொல்கிறாள், அது அவளுக்குக் கேட்கவில்லை.

பதினோராம் நாள் அஞ்சனா வந்தாள். அன்றைக்கென்று வெயில் அடித்தது. கிட்டங்கிச் சுவர்களில் ஈரம் ஆவியாகிக்கொண்டிருந்தது. ஷெட்டுக்குள் தகரம் காய்ந்து, பிள்ளைகள் நோட்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அவள் கூரையைப் பார்த்தாள். சுவர் இருந்த இடத்தில் சிமெண்ட் தழும்பைப் பார்த்தாள். பிறகு சங்கிலிப்பாண்டியைப் பார்த்தாள். நடந்தது என்னவென்று அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. கோபம் இல்லை. பரீட்சையில் காப்பியடித்த பிள்ளையைப் பார்த்த டீச்சர் மாதிரி ஒரு சங்கடம்.

சீதாலக்ஷ்மி டீச்சர் மலையாளத்தில் விடாமல் பேசினாள். மழை பெய்யும்போது வந்து கேட்க வேண்டும், காது கேளாத ஒரு பிள்ளை இருக்கிறாள், காது கேட்கிற பிள்ளைகளுக்கும் ஒன்றும் கேட்பதில்லை என்றாள்.

"டீச்சரே," என்றாள் அஞ்சனா, "சத்தத்துக்கு ஃபாரத்துல கட்டம் இல்லல்லோ. அடித்தளம் உண்டா, உண்டு. கூரை உண்டா, உண்டு. ஒழுகுதா, இல்ல. காலு ஆடுதா?" பக்கத்தில் இருந்த கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். அசையவில்லை. "இவ்வளவு நல்லா நிக்கற ஒண்ண ஆடுதுன்னு எழுதினா என் ஜோலி போவும். சீலிங் இல்லாததால வகுப்பறை இல்லாம ஆவாது."

"நான் வேணும்னா காலை அறுத்துடுறேன் மேடம்," என்றான் சங்கிலிப்பாண்டி.

அவள் பேனாவை மூடினாள். கிளம்பும்போது அவன் பக்கமாக வந்து, "சேட்டா, ஞான் நல்லதுன்னு நெனச்சுதான் எழுதியது," என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள். அவனும் அப்படித்தான் நினைத்துச் செய்திருந்தான்.

மறுநாள் பாய்ச் சுருள்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு அவன் பள்ளிக்கூட வாசலுக்குப் போனான். ஷெட்டின் முகப்பில் புதிதாகக் கறுப்புப் பெயிண்டில் ஒரு எண் எழுதியிருந்தது. பெயிண்ட் காயவில்லை. டீச்சர் வராந்தாவிலிருந்து இறங்கி மழைத் தூறலிலேயே வந்தாள்.

"வண்டியை உள்ளே கொண்டுவர வேண்டாம் சங்கிலி."

"பாய் கட்டணும்ல டீச்சர்."

"கட்ட முடியாது. நேத்திக்குச் சாயங்காலமே சொத்துப் பதிவுல ஏத்திட்டா. நிரந்தரக் கட்டடம், இந்த நம்பர்னு. நான் கையெழுத்து போட்டாச்சு. இனிமே அதுல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் ஆபீஸ் அனுமதி வேணும். வெளியாள் தொடப்படாது. தொட்டா நான் பதில் சொல்லணும். எனக்கு இன்னும் எட்டு மாசம்தான் சர்வீஸ் இருக்கு."

"அனுமதி கேட்டா குடுப்பாகளா?"

"எழுதறேன்."

"எத்தன நாளு ஆவும்?"

தூறல் அவள் கண்ணாடியில் புள்ளி புள்ளியாக விழுந்தது.

"எம்பிள்ளைட்ட பத்து நாளுன்னு சொல்லியிருக்கேன் டீச்சர்."

"தெரியும். எங்கிட்டயும் வந்து கேட்டா. எங்க அப்பா எப்ப கட்டுவார்னு கேட்டா. எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியலே."

வண்டியைத் திருப்பினான். பாதி திருப்பி நின்றான்.

"உள்ள ஆணி அடிக்கப்பிடாது. கூரைக்கு மேல?"

"மேல என்ன?"

"ஆணி இல்ல, கம்பி இல்ல. சும்மா மேல விரிச்சுப் போட்டா? சாக்கு."

டீச்சர் யோசித்தாள். "மேலே விரிக்கறதைப் பத்தி எழுத்துல ஒண்ணும் இல்லே," என்றாள்.

அன்று சாயங்காலம் பாக்கியலக்ஷ்மி கிட்டங்கியிலிருந்து வந்து, முந்தானையை உதறிச் சுக்குத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். மகா சுவரோரம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விஷயம் அவளுக்குச் சொல்லியாயிற்று. அழவில்லை. ஆனால் அப்பாவின் உதட்டைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தாள். அவன் எதிரே போய் உட்கார்ந்தால் கண்ணைத் தரைக்குக் கொண்டுபோனாள். பார்க்காவிட்டால் அவன் பேசியது அவளுக்குப் போய்ச் சேராது. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"சாக்கு வேணும்," என்றான் மனைவியிடம். "கூரைக்கு மேல நாலு மடிப்பா விரிச்சா சத்தம் பாதி அடங்கும்."

"எங்க கிட்டங்கில மிளகுச் சாக்கு குமிஞ்சு கெடக்கு. கங்காணிகிட்டக் கேட்டா சும்மாவே தருவாரு."

"மிளகுச் சாக்கு வேண்டாம்."

"ஏன், நல்லாத்தான இருக்கும்?"

"கருவாட்டுக் கிட்டங்கில கேட்டுருக்கேன். தாரேன்னான்."

"அந்தச் சாக்கா? அது உப்பு ஊறி நசநசன்னு கெடக்குமே. தகரத்து மேல போட்டா அது தகரத்த..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

அவன் தலை குனிந்து கால் நகத்தில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. அது நின்றது. தண்ணீர் லாரி தெருமுனையில் ஹாரன் அடித்துப் போனது. குடத்தோடு ஓட வேண்டிய நேரம், இருவரும் எழுந்திருக்கவில்லை.

"எத்தன மழைக்காலம் தாங்கும்?" என்றாள் கடைசியில்.

"ரெண்டு. மூணாவது மழைக்காலத்துல பூராச் சல்லடையாயிரும். அப்ப யாரு வந்து பாத்தாலும் ஃபிட்னெஸ் குடுக்க முடியாது. அடுத்த லிஸ்ட்டுல நம்ம பள்ளிக்கூடத்துப் பேரு வந்துதான் தீரணும்."

"கீழ பிள்ளைக இருக்குமே."

"ஓட்டை விழும், ஒழுகும். கூரை எறங்காது. காலு என் காலு."

"வெளிய தெரிஞ்சா?"

"சாக்குதான போட்டுருக்கு. மழைச் சத்தத்துக்கு."

அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள். சர்க்கார் சொத்து, பாவம், போலீஸ், இவற்றில் ஏதாவது ஒன்றைச் சொல்வாள் என்று அவன் காத்திருந்தான்.

"நாத்தம் அடிக்கும். பிள்ளைக மூக்கப் பிடிக்கும்," என்றாள். "இருவது சாக்கு போதுமா?"

"நாப்பது வேணும்."

ஞாயிற்றுக்கிழமை அவனும் அவளுமாக ஏற்றினார்கள். அவள் கீழிருந்து தூக்கிக் கொடுக்க, அவன் சட்டம் இருக்கும் இடமாகப் பார்த்து முட்டிபோட்டு நகர்ந்து விரித்தான். உப்புப் பிசுபிசுப்பில் சாக்கு தகரத்தோடு தானாக ஒட்டிக்கொண்டது. ஓரங்களில் பழைய டயரை வைத்தான். கீழே விழுந்த மீன் செதில்களைத் தேடி மூன்று பூனைகள் வந்தன. சீதாலக்ஷ்மி டீச்சர் ஏதோ ஃபைல் எடுக்க வந்தவள் முற்றத்தில் நின்று புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள்.

"என்ன நாத்தம் இது, சங்கிலி! வேற சாக்கே கெடைக்கலியா இந்த ஊர்ல?"

"இது கனமான சாக்கு டீச்சர். காத்துக்குப் பறக்காது."

டீச்சர் அண்ணாந்து அவனைப் பார்த்தாள். முப்பது வருஷமாக உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியும் சைக்கிளும் பூட்டும் உதிர்வதைப் பார்த்தவள். ஏதோ கேட்க வந்த மாதிரி வாய் திறந்தது. பிறகு ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, பாக்கியலக்ஷ்மியிடம், "ஏணியைப் பிடிச்சுக்கோங்கோ, வழுக்கும்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு மழை வந்தது. சங்கிலிப்பாண்டி தோப்பும்படியில் ஒரு வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளைப் பள்ளிச் சுவரில் சாத்திவிட்டு, ஷெட்டின் பின்பக்கமாகப் போய் நின்றான். கிட்டங்கி ஓடுகளில் மழை சடசடவென்று அடித்தது. ஷெட்டின்மேல் தொம் தொம்மென்று விழுந்தது. நன்றாக இல்லை, பாய்க்குச் சமமில்லை. ஆனால் உள்ளே வகுப்பு டீச்சரின் குரல் கேட்டது. நதிகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கேள்வி கேட்டாள். பிறகு மூக்கில் வரும் ஒரு குரல், கொஞ்சம் அதிகச் சத்தமாக, "பெரியாறு" என்றது.

கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் மங்கலாக வடிந்து அவன் கைலியில் தெறித்தது. ஒரு சொட்டை விரலில் வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தான். கரித்தது. விரலைத் துடைத்துக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு, நனைந்தபடியே வேலைக்குப் போனான்.